அசிரத்தைக்குத் தண்டனை

கட்சிக்காரரின் பணத்தைக் கையாடிய வக்கீலைப் பற்றியும், எதிர்த்தரப்பாரோடு மறைமுகமாகக் கைகோத்துக்கொண்ட வக்கீலைப் பற்றியும், சாட்சியைக் கலைத்த வக்கீலைப் பற்றியும் உலகம் உரத்துப் பேசுகிறது, பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆனால், ஏற்றுக்கொண்ட வழக்கைத் தாக்கல் செய்யாமலும், தாக்கல் செய்த வழக்கில் வாய்தா நாளன்று ஆஜராகாமலும், ஆஜராகாததால் அது தள்ளுபடியாகிவிட்ட சங்கதியைக் கட்சிக்காரருக்குத் தெரிவிக்காமலும், கேஸ் கட்டை அலமாரியில் தூங்கவிட்டுத் தம் பிற அலுவல்களைக் கவனித்துக்கொண்டிருந்த வக்கீலைப் பற்றி அவ்வளவு பேச்சு எழுவதில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே. கையாடல் ஒரு நாளில் நிகழ்ந்த செயல். அசிரத்தையோ பல மாதங்களில் நிகழாமற்போன பல சிறு செயல்களின் கூட்டு. நிகழ்ந்ததை நிரூபிக்க ரசீதும் சாட்சியும் உண்டு. நிகழாததை நிரூபிக்கப் புறப்படுகிற கட்சிக்காரருக்கு, பெரும்பாலும் தமக்குப் புரியாத பாஷையில் எழுதப்பட்ட நீதிமன்ற ரிக்கார்டுகளைத் தவிர வேறு துணை கிடையாது. இத்தகைய அசிரத்தையை நம் நாட்டுச் சட்டம் எப்படி நோக்கிவந்திருக்கிறது என்று ஆராய்ந்தால் ஒரு விசித்திரம் புலப்படும்: சட்டம் அசிரத்தையைத் தனியே தண்டிக்கத் தயங்குகிறது, அசிரத்தையை மறைக்க வக்கீல் சொன்ன பொய்யையே தண்டிக்கிறது.

முதலில், விளைகிற நஷ்டத்தின் தன்மையைச் சிறிது பார்க்கவேண்டும். வக்கீலின் தவறுகளுள் திருத்தக்கூடியவை உண்டு, திருத்தவே முடியாதவையும் உண்டு. பிரதிவாதி ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி உரிய காரணம் காட்டி அதை ரத்துசெய்ய மனுப்போடலாம். மேல்முறையீட்டைக் காலங்கடந்து தாக்கல் செய்தால், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 5ஆம் பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்குமாறு கோரலாம். ஆனால் அந்தப் பிரிவு அப்பீல்களுக்கும் மனுக்களுக்கும் மட்டுமே உரியது. அசல் வழக்குக்கு அது உதவாது. புரோநோட்டின் மீது கடனை வசூலிக்க மூன்று ஆண்டுகள் தவணை என்றால், நோட்டைத் தம் வசம் வைத்திருந்த வக்கீல் அந்த மூன்றாவது ஆண்டின் கடைசி நாளைத் தவறவிட்ட மறுநாள், எந்த நீதிபதி எவ்வளவு இரக்கங்கொண்டாலும் அந்த வழக்கை உயிர்ப்பிக்க இயலாது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலுங்கூட அதனைத் தள்ளுபடி செய்யும்படி அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு நீதிமன்றத்தை நிர்ப்பந்திக்கிறது. ஆகவே, ஒன்றும் செய்யாதிருத்தல் என்னும் குற்றம், பார்வைக்கு எல்லாவற்றிலும் சாதுவாகத் தோன்றினும், பலனில் எல்லாவற்றிலும் கொடியதாகக்கூடும்.

வக்கீல்களைத் தண்டிக்கும் அதிகாரம் ஆதியில் முழுவதும் நீதிபதிகளிடமே இருந்தது. 1865ஆம் ஆண்டின் லெட்டர்ஸ் பேட்டன்ட் என்னும் அரச சாசனம், நியாயமான காரணம் இருந்தால் வக்கீலைத் தாற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ விலக்க ஐகோர்ட்டுக்கு அதிகாரம் தந்தது. ஜில்லாக்களில் தொழில் நடத்திய பிளீடர்களையும் முக்தியார்களையும் 1879ஆம் ஆண்டின் லீகல் பிராக்டிஷனர்ஸ் சட்டம் கட்டுப்படுத்தியது. தொழிற்கடமையில் வஞ்சகமாகவோ மிகத் தகாத விதத்திலோ நடந்துகொண்டவர் என்றும், வேறு நியாயமான காரணத்துக்கு ஆளானவர் என்றும் அது குற்றவாளிகளை வகைப்படுத்திற்று. 1926ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில் சட்டம், விசாரணையில் வழக்கறிஞர்களுக்கே ஒரு பங்கைக் கொடுத்தது. தண்டிக்கும் அதிகாரம் மட்டும் ஐகோர்ட்டிடமே நின்றது. நீதிபதி எஸ். ஆர். தாஸ் தலைமையில் அமைந்த அகில இந்தியக் குழுவின் 1953ஆம் ஆண்டு அறிக்கையும், அதன் பின்னர் வந்த சட்டக் கமிஷனின் பரிந்துரையும் சேர்ந்து 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தைப் பிறப்பித்தன. அது தண்டனை அதிகாரத்தை நீதிபதிகளின் கையிலிருந்து எடுத்து, வழக்கறிஞர்களே தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. உச்ச நீதிமன்றமுங்கூட, அவமதிப்பு வழக்கொன்றில் ஒரு வழக்கறிஞரின் தொழிலுரிமையான சன்னதை 1995ஆம் ஆண்டு தானே நிறுத்திவைத்து, 1998ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் மூலம் அவ்வாறு செய்யத் தனக்கு அதிகாரமில்லை, அது பார் கவுன்சிலுக்கே உரியது என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டது.

இத்தனை சட்டங்கள் மாறியும் மாறாமல் வந்த கொள்கை ஒன்று உண்டு. அதன் பிறப்பிடம் சென்னை. 1920களின் நடுவில், ஒரு வக்கீலின் மேல் வந்த புகாரை ஆராய்ந்த சென்னை ஐகோர்ட்டின் தலைமை நீதிபதி கூட்ஸ் டிராட்டர், அசிரத்தை என்பது தன்னளவில் தொழில் ஒழுங்கீனமாகாது என்றும், ஒழுக்கக்கேடு என்னும் அம்சம் அதில் கலந்திருந்தால்தான் குற்றமாகும் என்றும் தீர்மானித்தார். சில வரிகளே கொண்ட அந்தக் கருத்தைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாண்டன. 1963ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைச் சற்றே விரித்து, கொடிய அசிரத்தையில் ஒழுக்கக்கேடும் அடங்கியிருக்கக்கூடும் என்றது. எண்பதுகளின் முற்பகுதியில் நீதிபதி ஏ. பி. சென், பிழையான ஆலோசனை வேறு, தகாத ஆலோசனை வேறு என்று பிரித்துக்காட்டி, ஒழுக்கக்கேடு சேராத வெறும் அசிரத்தை ஒழுங்கீனமன்று என்று மீண்டும் உறுதிப்படுத்தினார்.

இக்கொள்கையை ஏளனம் செய்தல் எளிது, ஆனால் அது நியாயமாகாது. இளம் வக்கீல் ஒருவர் ஒரு முன்தீர்ப்பைக் கவனிக்கத் தவறினார் என்பதற்காகவோ, குமாஸ்தா தேதியைத் தவறாகக் குறித்துவைத்தார் என்பதற்காகவோ அவருடைய ஜீவனோபாயத்தைப் பறிப்பது தர்மமாகுமா? தோற்ற ஒவ்வொரு கட்சிக்காரரும் தம் வக்கீல் கவனக்குறைவாக இருந்தார் என்று புகாரெழுதத் தொடங்கினால், எந்த வக்கீலும் கடினமான வழக்கை ஏற்கவே அஞ்சுவார். மேலும், ஒழுங்கு நடவடிக்கை ஏறத்தாழக் கிரிமினல் வழக்கை ஒத்தது. அதில் விதிக்கப்படும் தண்டனை ஒருவரின் பெயரைத் தொழிற்பதிவேட்டிலிருந்தே அழித்துவிடலாம். அத்தகைய ஆயுதத்தைப் பிழைக்கு எதிராக வீசாமல் பாவத்துக்கு எதிராக மட்டும் வீசவேண்டும் என்று நீதிபதிகள் கருதியதில் விவேகம் இருக்கிறது. ஆனால், பிழைக்கும் பாவத்துக்கும் நடுவே ஒரு விசாலமான பிரதேசம் இருப்பதை அவர்கள் அளந்து பார்க்கவில்லை. மறதியால் ஒருமுறை ஆஜராகாதது பிழை. ஆறு வாய்தாக்களில் ஆஜராகாமல், கட்சிக்காரரின் கடிதங்களுக்குப் பதிலும் எழுதாமல், கட்டையும் திருப்பிக் கொடுக்காமல் இருந்தது எந்த வகையைச் சேரும்? அதில் பொய் இல்லை, வஞ்சகம் இல்லை, பணத்தாசைகூட இல்லாதிருக்கலாம். வெறும் உபேக்ஷைதான். அந்த உபேக்ஷையே ஒழுக்கக்கேடு என்று சொல்லத்தான் தீர்ப்புகள் கூசுகின்றன.

எழுதப்பட்ட விதிகளாவது இக்குறையை நிரப்பினவா என்று பார்த்தால், அங்கும் ஏமாற்றமே. இந்திய பார் கவுன்சில் வகுத்த நடத்தை விதிகளில், கட்சிக்காரருக்கு வழக்கறிஞர் ஆற்றவேண்டிய கடமைகளைப் பற்றிய பகுதி 11ஆம் விதியிலிருந்து 33ஆம் விதிவரை நீள்கிறது. ஏற்ற வழக்கிலிருந்து தக்க காரணமும் போதிய அறிவிப்பும் இன்றி விலகலாகாது என்பது 12ஆம் விதி. கட்சிக்காரரின் நலனை அச்சமின்றி நிலைநாட்டவேண்டும் என்பது 15ஆம் விதி. அதன் பின் வருவனவற்றைப் படித்துச்சென்றால், வழக்கின் பலனில் பங்கு கேட்காதே, ஏலத்தில் சொத்தை வாங்காதே, கணக்கை ஒழுங்காக எழுது, கட்சிக்காரருக்குக் கடன் கொடாதே என்று பெரும்பகுதி பணத்தைச் சுற்றியே வட்டமிடுகிறது. எடுத்த வழக்கைத் தாமதமின்றி, சிரத்தையோடு நடத்தவேண்டும் என்றோ, அதன் நிலையைக் கட்சிக்காரருக்கு அவ்வப்போது அறிவிக்கவேண்டும் என்றோ தெளிவாகச் சொல்லும் தனிவிதி அப்பகுதியில் இல்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983ஆம் ஆண்டு வகுத்த மாதிரி விதிகளிலோ, சிரத்தையும் தகவல் தெரிவித்தலும் முதல் சில விதிகளிலேயே தனித்தனிக் கடமைகளாக இடம்பெற்றன. கடமை விதியாக நிற்கும் இடத்தில், ஒழுக்கக்கேட்டைத் தேடி அலையவேண்டிய அவசியம் நேர்வதில்லை.

நம் கொள்கையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் வழக்கு, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்று 1978ஆம் ஆண்டு தீர்ந்தது. காது கேளாத முதியவர் ஒருவரும் அவருடைய வயதான மனைவியும், இரண்டு புரோநோட்டுகளின் பேரில் தாங்கள் கொடுத்திருந்த மொத்தம் 20,000 ரூபாயை வசூலிக்க ஒரு வக்கீலை நாடினார்கள். அக்காலத்தில் அது ஒரு சிறு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்புக்குச் சமம். வக்கீல் வக்காலத்தில் கையொப்பம் வாங்கினார். கோர்ட்டுக் கட்டணத்துக்கென்று பணமும் பெற்றுக்கொண்டார். வழக்கை மட்டும் தாக்கல் செய்யவில்லை. தாக்கல் செய்யாதது மட்டுமன்றி, வழக்கு நடந்துகொண்டிருப்பதாகவும் அவர்களை நம்பவைத்தார். உண்மை வெளிப்பட்டபோது விவகாரம் மாநில பார் கவுன்சிலுக்குச் சென்றது. அங்குள்ள ஒழுங்குக்குழு அவரை ஆறு ஆண்டுகள் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்தது. அவர் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் செய்ய, ஆறு ஆண்டு ஓராண்டாகச் சுருங்கிற்று. அந்த ஓராண்டையும் எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். 1973ஆம் ஆண்டு இலவச சட்ட உதவி குறித்த நிபுணர் குழுவுக்குத் தலைமை வகித்து அறிக்கை தந்தவர் அவரே என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இத்தீர்ப்பைப் படித்தால், அதன் போக்கு நன்கு விளங்கும். வக்கீலின் குற்றத்தை அவர் ஐயமற ஏற்றார். ஆனால், வழக்கறிஞர் சட்டத்தின் 35ஆம் பிரிவு கூறும் தண்டனைகள் கண்டனம், இடைநீக்கம், பெயர் நீக்கம் என்னும் மூன்றோடு நின்றுவிடுவதும், அவற்றுள் எதுவும் ஏமாற்றப்பட்ட முதியவருக்கு ஒரு காசும் பெற்றுத்தராததும் அவர் மனத்தை உறுத்தின. தண்டனை, தண்டிக்கப்பட்டவரைத் திருத்தவும் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்யவும் உதவவேண்டும் என்று வாதித்து, இடைநீக்கத்தின் கடுமையைத் தளர்த்தி, அந்த வக்கீல் தமிழ்நாட்டின் இலவச சட்ட உதவி அமைப்பின்கீழ் ஏழைகளுக்காக உழைக்கவேண்டும் என்றும், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். நீதிபதி டி. ஏ. தேசாய் அவரோடு இணங்கினார். நீதிபதி ஏ. பி. சென் இணங்கவில்லை, ஓராண்டுத் தண்டனையே தாராளமான கருணை, அதில் மேலும் தலையிடக் காரணமில்லை என்பது அவர் அபிப்பிராயம்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் உள்ளம் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2,500 ரூபாய், இழந்த தொகையில் எட்டில் ஒரு பங்கேயாயினும், சட்டத்தின் வாசகம் தராத ஒன்றை நீதிமன்றம் விளக்கத்தால் தர முயன்றது என்பது பெரிய காரியம். ஆயினும் தீர்ப்பின் மற்றொரு பகுதி என்னைச் சங்கடப்படுத்துகிறது. நம்பி வந்த முதியவரின் வழக்கை உபேக்ஷித்ததற்குத் தண்டனை, செலவு செய்ய இயலாத வேறு பலரின் வழக்குகளை ஒப்படைப்பதா? சட்ட உதவி நாடி வரும் ஏழை, திருந்துவதற்காக அனுப்பப்பட்ட வக்கீலைத் தன் பங்காகப் பெறவேண்டும் என்பதில் ஏதோ ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. வசதி படைத்த எந்தக் கட்சிக்காரரும் அத்தகைய ஏற்பாட்டுக்கு ஒருநாளும் சம்மதித்திரார். நீதிபதி சென்னின் மறுப்பு கடுமையாகத் தோன்றினாலும், இவ்விஷயத்தில் அதற்கே என் வாக்கு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த வழக்கில் வக்கீல் பொய் சொல்லியிருந்தார். அதனால் குற்றத்தை நிலைநாட்டுவதில் எந்த மன்றத்துக்கும் தயக்கமில்லை. அவர் பொய் சொல்லாமல், இன்று செய்கிறேன் நாளைக்குச் செய்கிறேன் என்று தவணை சொல்லிக்கொண்டே மூன்றாண்டுக் கெடுவையும் கடக்கவிட்டிருந்தால், முதியவரின் நஷ்டம் அணுவளவும் குறைந்திராது. வக்கீல் மட்டும் சென்னைக் கொள்கையின் நிழலில் தப்பியிருக்கக்கூடும்.

புகாரை விசாரிக்கும் யந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அதன் குறை வெளிப்படை. ஒழுங்குக்குழு மூவர் கொண்டது: இருவர் பார் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். வழக்கறிஞரல்லாத ஒருவருக்கு அதில் இடமில்லை. கவுன்சில் உறுப்பினர்களோ, பதிவேட்டிலுள்ள வழக்கறிஞர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். அதாவது, இன்று எதிராளியாகக் கூண்டில் நிற்பவர் அடுத்த தேர்தலில் வாக்காளர். இதனால் நீதி எப்போதும் கோணும் என்று சொல்லமாட்டேன். மேலே கூறிய வழக்கில் மாநிலக் குழுவே எல்லோரினும் கடுமையாக நின்றது. ஆனால் கடுமைக்கு முன் காலதாமதம் வந்துவிடுகிறது. புகாரை ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்று 1973ஆம் ஆண்டின் திருத்தம் வழக்கறிஞர் சட்டத்தில் 36பி பிரிவைச் சேர்த்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 2021ஆம் ஆண்டு டிசம்பரில், உச்ச நீதிமன்றம் தேங்கிக்கிடக்கும் புகார்களைக் கண்டு கவலை தெரிவித்து, மாநில கவுன்சில்கள் ஓராண்டு வரம்பைக் கடைப்பிடிக்கும்படி செய்யவேண்டும் என்றும், அனுபவமுள்ள வழக்கறிஞர்களையும் ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரிகளையும் விசாரணை அதிகாரிகளாக நியமிப்பதை ஆலோசிக்கலாம் என்றும் கூறவேண்டியதாயிற்று. வழக்குகளைத் தாமதப்படுத்தியவர்கள் மேலான புகார்களே தாமதத்தில் மூழ்கிக்கிடந்தன என்பதைவிடக் கசப்பான ஹாஸ்யம் இத்துறையில் இல்லை.

ஆயினும், இவ்வேற்பாட்டின் ஓர் அம்சம் பாராட்டத்தக்கது. புகார் கொடுத்தவர் மனம் மாறி வாபஸ் பெற்றாலும், இருவரும் சமாதானமாகப் போய்விட்டாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக்கூடாது என்பது பார் கவுன்சிலின் விதி. ஒழுங்கு நடவடிக்கை இருவருக்கிடையிலான வியாஜ்யமன்று, பொதுநலக் காரியம் என்னும் கருத்து இதில் அடங்கியிருக்கிறது. பார் கவுன்சில் பொதுமக்களின் நலனுக்கும் காவலன் என்று 1975ஆம் ஆண்டு ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வும் பம்பாய் வழக்கொன்றில் கூறிற்று. ஆனால் இக்கருத்தின் மறுபுறத்தையும் சொல்லியாகவேண்டும். பொதுக்காரியம் என்றாகிவிட்டதால், பாதிக்கப்பட்டவர் அதில் சாட்சியாகச் சுருங்கிவிடுகிறார். வக்கீல் தண்டனை பெற்றாலும் விடுதலை பெற்றாலும், அவர் வீடு திரும்பும்போது கைகள் வெறுமையாகவே இருக்கின்றன.

வழக்கு நடக்கும் நீதிமன்றமே கட்சிக்காரரைக் காப்பாற்ற முயன்ற சந்தர்ப்பங்கள் உண்டு. 1981ஆம் ஆண்டு, அலகாபாத் ஐகோர்ட்டில் வக்கீல் வராததால் அப்பீலை இழந்த ஒரு கிராமவாசியின் மனுவை ஏற்ற உச்ச நீதிமன்றம், வக்கீலை அமர்த்திப் பணமும் கொடுத்தபின் கட்சிக்காரர் செய்வதற்கு வேறென்ன இருக்கிறது என்ற நோக்கில், வழக்கை உயிர்ப்பித்து, எதிர்த்தரப்புக்கு உரிய 200 ரூபாய்ச் செலவுத்தொகையை வராமலிருந்த வக்கீலிடமே வசூலிக்க உத்தரவிட்டது. 200 ரூபாய் அற்பம். அது யார் பையிலிருந்து வரவேண்டும் என்று சொன்னதுதான் அருமை. ஆனால் 1993ஆம் ஆண்டு அதே நீதிமன்றம், படிப்பறிவற்ற கிராமவாசிக்குக் காட்டிய சலுகையை நகரத்துக் கம்பெனி ஒன்று கேட்டபோது மறுத்தது: வக்கீல் கட்சிக்காரரின் பிரதிநிதி, அவர் செயல் கட்சிக்காரரின் செயலே என்னும் பழைய நியதிக்கு 1981ஆம் ஆண்டின் தீர்ப்பு விலக்கேயன்றி மாற்றன்று என்றது. இவ்விரண்டுக்கும் இடையே எதை ஏற்பது என்பது அந்தந்த நீதிபதியின் மனோபாவத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

அசிரத்தை கூட்டாகவும் நிகழும். வழக்கறிஞர் சங்கம் புறக்கணிப்பை அறிவித்துவிட்டால், நூற்றுக்கணக்கான கட்சிக்காரர்களின் வாய்தா ஒரே நாளில் வீணாகிறது. தனிமனிதர் செய்தால் வெட்கப்படும் காரியம், சங்கம் செய்யும்போது தியாகத்தின் வேஷம் தரித்துக்கொள்கிறது. 2000ஆம் ஆண்டு இறுதியில் வந்த ஒரு தீர்ப்பு இவ்வேஷத்தைக் கலைத்தது. வேலைநிறுத்தத்தால் வக்கீல் ஆஜராகாமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆன வழக்கில், டிக்ரியை ரத்துசெய்வதற்கு விதித்த செலவுத்தொகையில் பாதியை வக்கீலிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் கட்சிக்காரருக்கு உரிமையளித்தது. அதற்கடுத்து, வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லை என்ற தீர்ப்பும் வந்தது. புறக்கணிப்புகள் அதன்பின்னும் நடந்துவருகின்றன என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நஷ்டஈடு கோரும் வழி ஒன்று 1926ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் அக்காலத்தில் பாரிஸ்டர் கட்டணத்துக்காக வழக்குப் போடமுடியாதிருந்தது. அவர் மேல் அசிரத்தைக்காக வழக்குப் போடவும் முடியாதிருந்தது. அந்நாட்டுப் பிரபுக்கள் சபை 2000ஆம் ஆண்டில்தான் அப்பாதுகாப்பை முற்றும் நீக்கிற்று. நம் நாட்டிலோ 1926ஆம் ஆண்டின் வக்கீல் கட்டணச் சட்டம், கட்டணத்துக்காக வழக்கிடும் உரிமையை வக்கீலுக்குத் தந்துவிட்டு, அதே மூச்சில் 5ஆம் பிரிவின் மூலம் அசிரத்தையால் நேர்ந்த நஷ்டத்துக்கு அவரைப் பொறுப்பாக்கியது. தொழில் செய்து கூலி பெறும் உரிமை வேண்டுமானால் தொழிலின் பொறுப்பையும் ஏற்றுக்கொள் என்னும் எளிய நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் ஒரு வக்கீலை நம்பிக் கெட்டவர், அவர்மேல் வழக்கிட இன்னொரு வக்கீலைத் தேடவேண்டும். அந்த ஊரிலேயே, அந்தச் சங்கத்திலேயே, அந்த வராந்தாவிலேயே தேடவேண்டும். பிறகு, முதல் வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் ஜயித்திருக்கும் என்பதையும் நிரூபிக்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் நூறாண்டுகளாக இருக்கும் இவ்வழியில் காலடித் தடங்கள் மிகச் சொற்பமாக இருப்பதில் வியப்பில்லை.

நுகர்வோர் மன்றம் இதைவிட எளிய வழியாகத் தோன்றிற்று. 2007ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் கமிஷன், வழக்கறிஞரின் சேவையும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்றது. 2024ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தொழில்நெறி வேறு, வியாபாரம் வேறு என்பது அதற்கு ஒரு காரணம். கட்சிக்காரர் வழக்கறிஞரின்மேல் நேரடிக் கட்டுப்பாடு செலுத்துவதால் அது தனிப்பட்ட சேவை ஒப்பந்தம் என்பது மற்றொன்று. முதற்காரணத்தோடு வாதிடலாம், இணங்கவும் செய்யலாம். இரண்டாவது, சட்ட நோக்கில் எப்படியிருப்பினும், அனுபவத்தோடு சிறிதும் பொருந்தவில்லை. குமாஸ்தாவைக் கடந்து வக்கீலின் முகத்தைப் பார்க்கவே மாலைவரை காத்திருக்கும் விவசாயி அவர்மேல் நேரடிக் கட்டுப்பாடு செலுத்துகிறார் என்ற செய்தி, அவ்விருவரில் யாருக்கும் புதியதாகவே இருக்கும். மருத்துவர்களை 1995ஆம் ஆண்டிலேயே நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த நீதிமன்றம், தன் மண்டபத்தில் தினமும் நிற்பவர்களுக்கு விலக்கு அளித்தது என்ற பேச்சு எழுந்ததையும் குறை சொல்லமுடியாது.

ஒழுங்கீனம் வேறு, குறைபாடான சேவை வேறு என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பரிகாரம் வைப்பதே இச்சிக்கலுக்கு வழி என்று நான் எண்ணுகிறேன். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த லீகல் ஆம்புட்ஸ்மன் என்னும் அதிகாரி, வக்கீலின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவதில்லை. செய்யவேண்டிய வேலை செய்யப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கிறார். செய்யப்படவில்லையென்றால் கட்டணத்தைத் திருப்பித் தரவும், 50,000 பவுண்டு வரை ஈடு தரவும் உத்தரவிடலாம். ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை வேறிடத்தில் நடக்கும். அங்கே கூட்ஸ் டிராட்டரின் கொள்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கட்சிக்காரருக்குக் கவலையில்லை. ஏனெனில், அவருடைய பரிகாரம் வக்கீலின் பாவத்தை நிரூபிப்பதில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. நம் நாட்டில் சட்டக் கமிஷன் 2017ஆம் ஆண்டு மார்ச்சில் அளித்த 266ஆம் அறிக்கை, ஒழுங்கீனத்தை வரையறுக்கவும், கவுன்சில்களில் வழக்கறிஞரல்லாதாரைச் சேர்க்கவும், நஷ்டப்பட்டவருக்கு ஈடு வழங்கவும் பரிந்துரைத்தது. நாடெங்கும் வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தம் செய்து அதை எதிர்த்தார்கள். கட்சிக்காரர்களைக் காக்க எழுந்த யோசனைக்கு மறுமொழி, அவர்களுடைய வழக்குகளை ஒருநாள் கைவிடுவதாக அமைந்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு வெளியிட்ட வழக்கறிஞர் சட்டத் திருத்த மசோதாவும் அத்தகைய எதிர்ப்பாலேயே அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கத்தின் தலையீடு தொழிலின் சுதந்திரத்தைக் குலைக்கும் என்ற வழக்கறிஞர்களின் அச்சத்தை முற்றும் பொய்யென்று தள்ளமாட்டேன். அரசுக்கு எதிராக நிற்கவேண்டிய வழக்கறிஞரின் சன்னதை அரசின் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது ஆபத்து. ஆனால், கட்டணத்தைத் திருப்பித் தரும்படி ஒழுங்குக்குழு உத்தரவிடலாம் என்று ஒரு வரி சேர்ப்பதால் எந்தச் சுதந்திரம் பறிபோகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த மாறுதல் இப்போது முன்னைவிட அவசியமாகிவிட்டது; காரணம், பொய் சொல்வது கடினமாகிவருகிறது. 1970களில் வழக்குத் தாக்கலாகிவிட்டது என்று வக்கீல் சொன்னால், அதைச் சரிபார்க்க முதியவர் நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தர் முன் கைகட்டி நிற்கவேண்டும். இன்று மின்னணு நீதிமன்றத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்துகளும் இலக்கங்களுமான ஓர் அடையாள எண் உண்டு. அதைக் கொண்டு கட்சிக்காரரின் பேரன் கைப்பேசியிலேயே வழக்கின் நிலையையும், அடுத்த வாய்தாவையும், சென்ற வாய்தாவில் நடந்ததையும் பார்த்துவிடலாம். எண் கொடுக்க மறுத்தாலே வழக்கு இல்லை என்று அறியலாம். ஆகவே வருங்கால அசிரத்தைக்காரர் பொய் சொல்லமாட்டார்; சொல்லவேண்டிய அவசியமும் இராது. வேலைப்பளு என்பார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார், எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஒழுங்குக்குழு அவர்முன் 1920களின் அளவுகோலை நீட்டி, ஒழுக்கக்கேட்டைத் தேடிக் காணாமல், புகாரைத் தள்ளுபடி செய்யும்.